மறுரூப மலைக்கும் கொல்கொதாவுக்கும் என்ன தொடர்பு?

பனித்துளி · ஆகஸ்ட் 6, இரவு 9.40

இயேசு ஒரு மலையின்மேல் மூன்று சீஷர்களின் கண்முன் உருமாறிய மறுரூபமாதல், உயிர்த்தெழுதலின் முன்னோட்டம் என்றுதான் எங்கும் கேட்கிறோம். முகம் சூரியனைப் போலப் பிரகாசிக்கிறது, உடை வெளுக்கிறது, மேகம் வருகிறது, குரல் கேட்கிறது. எல்லாமே மகிமை. அப்படியிருக்க இதைத் தவக்காலத்தில், சிலுவையை நோக்கிப் போகிற நாட்களில் ஏன் வாசிக்கிறார்கள்? ஈஸ்டருக்குப் பிறகு வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்குமே. அந்த மலைக்கும், சிலுவை நின்ற கொல்கொதாவுக்கும் தொடர்பு வசனத்திலேயே இருக்கிறதா, பிரசங்கத்தில் பிறந்ததா?

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 6, இரவு 10.25

வசனத்திலேயே இருக்கிறது. லூக்கா 9:31.

மோசேயும் எலியாவும் இயேசுவோடு பேசினார்கள் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று நற்செய்திகளும் சொல்கின்றன. என்ன பேசினார்கள் என்பதை லூக்கா மட்டும் சொல்கிறார்: எருசலேமில் அவர் நிறைவேற்றப்போவதைப் பற்றி. பழைய மொழிபெயர்ப்பில் அங்கே ‘மரணம்’, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘இறப்பு’. கிரேக்கத்தில் இருக்கிற சொல் ‘எக்ஸோடோஸ்’. வெளியேறுதல், புறப்பாடு என்று பொருள். பழைய ஏற்பாட்டின் இரண்டாம் நூலுக்குக் கிரேக்கத்தில் இதே பெயர்தான். நாம் யாத்திராகமம் என்கிறோம், விடுதலைப் பயணம் என்கிறோம்.

எகிப்திலிருந்து ஜனங்களை வெளியே கொண்டுவந்த அதே மோசே அங்கே நிற்கிறார். அவர் பேசுவதோ எருசலேமில் நடக்கப்போகும் இன்னொரு புறப்பாட்டைப் பற்றி. தமிழில் ‘மரணம்’ என்று படித்தால் கருத்து தவறிவிடாது. மோசே ஏன் அங்கே வந்தார் என்பது மட்டும் கண்ணில் படாமல் போய்விடும். அந்த ஒளிக்கு நடுவே ஓடிய பேச்சு முழுவதும் சிலுவையைப் பற்றியதுதான்.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 6, இரவு 11.05

சேர்க்க மறந்தது. எக்ஸோடோஸ் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. ஒன்று இது. இன்னொன்று எபிரெயர் 11:22, அங்கே இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டதைக் குறிக்கிறது. மூன்றாவது 2 பேதுரு 1:15, அங்கே பேதுருவின் சொந்த மரணம். அதற்கு அடுத்த மூன்று வசனங்களைப் பாருங்கள் (1:16–18): பரிசுத்த மலையில் கேட்ட குரலின் நினைவு. அதற்குச் சற்று முன்னால், 1:13–14இல், தன் உடலையே ‘கூடாரம்’ என்கிறார். மலையில் மூன்று கூடாரம் போடலாமா என்று கேட்டவரின் பெயரில் எழுதப்பட்ட கடிதம் இது. அதை எழுதியது பேதுருதானா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. யார் எழுதியிருந்தாலும், மலை, கூடாரம், புறப்பாடு மூன்றையும் ஒரே பத்தியில் சேர்த்தது தற்செயலாக இருக்க முடியாது.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 7, காலை 7.15

பனித்துளி அக்கா, ‘ஏன் தவக்காலம்’ என்பதற்கு என்னுடைய பதில். உரோமை வழிபாட்டில் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு அன்று மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் தோற்ற மாற்ற (மறுரூப) நற்செய்திதான்: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. குருத்து ஞாயிறு அன்று வாசிக்கும் பாடுகளின் வரலாறும் அந்தந்த ஆண்டின் அதே நற்செய்தியிலிருந்துதான். இடையே சரியாக நான்கு வாரம். ஒரே ஆசிரியரின் கையில் மலையையும் சிலுவையையும் 28 நாள் இடைவெளியில் கேட்கும்படி அமைந்திருக்கிறது.

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். மலைக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு பெரிய வெள்ளி வாசகத்தோடு ஒப்பிடப் பார்ப்பார்கள். பெரிய வெள்ளியன்று வாசிப்பது யோவான். யோவானில் தோற்ற மாற்றக் காட்சியே கிடையாது. இருளும் இல்லை, எலியாவைக் கூப்பிடுகிறான் என்ற பேச்சும் இல்லை, நூற்றுவர் தலைவரின் அறிக்கையும் இல்லை. ஒப்பிட ஒன்றும் கிடைக்காமல் ‘தொடர்பே இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். குருத்து ஞாயிறு வாசகத்தை எடுங்கள்.

லெந்து (தவக்காலம்) கடைப்பிடிக்கும் பல சீர்திருத்தத் திருச்சபைகளில், சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறே மறுரூப ஞாயிறு. அங்கேயும் சிலுவைப் பாதையின் வாசற்படியில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 8, இரவு 8.30

மாணவி சொன்னதைக் கையில் எடுத்துச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு. ஒரே ஒரு நற்செய்தியைத் தேர்ந்தெடுங்கள். மாற்கு எளிது. ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் 9:2–10, வலப்பக்கம் 15:22–41 எழுதுங்கள். கையால் எழுதினால்தான் சொற்கள் கண்ணில் நிற்கும். பிறகு இரண்டு பக்கமும் வருகிற பொருளையும் ஆளையும் மட்டும் அடிக்கோடிடுங்கள்.

உடை: இங்கே எந்த வண்ணானும் வெளுக்க முடியாத வெண்மை, அங்கே அதே ஆளின் உடைக்குச் சீட்டுப்போட்டுப் பங்கு. வெளிச்சம்: இங்கே ஒளி, அங்கே ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள். எலியா: இங்கே வந்து நிற்கிறார், அங்கே ‘எலியா வருவானோ பார்ப்போம்’ என்கிறார்கள், எலியா வரவில்லை. பார்த்தவர்கள்: இங்கே பெயர் சொல்லி மூன்று ஆண்கள், பேதுரு, யாக்கோபு, யோவான், அங்கே தூரத்தில் நிற்கும் பெண்களில் பெயர் சொல்லி மூன்று பேர், மகதலேனா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள், சலோமே. குரல்: இங்கே மேகத்திலிருந்து ‘இவர் என் நேச குமாரன்’, அங்கே வானம் வாய் திறக்கவில்லை. அதைச் சொல்வது கொலைக்குப் பொறுப்பாக நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நில்லுங்கள். மாற்குவில் அசுத்த ஆவிகள் இயேசுவைத் தேவகுமாரன் என்கின்றன, பிரதான ஆசாரியர் கேள்வியாகக் கேட்கிறார். கதைக்குள் ஒரு மனிதர் அதை நேராக அறிக்கையிடுவது இந்த ஒரே இடத்தில். மலையில் சீஷர்களுக்குக் கேட்டது, சிலுவையடியில் அந்நியர் வாயில் வருகிறது.

பனித்துளி · ஆகஸ்ட் 8, இரவு 10.10

இன்னும் இரண்டு சேர்க்கலாமா? மலையில் வலமும் இடமும் மோசே, எலியா. சிலுவையில் வலமும் இடமும் கள்ளர்கள். மலையில் மேகம் திறந்தது. சிலுவையில் தேவாலயத் திரை கிழிந்தது.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 9, காலை 6.20

இரண்டுமே வெகு பேர் சொல்வது, இரண்டிலும் தவறு கலந்திருக்கிறது.

மோசே வலம், எலியா இடம் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. நம் மனதில் இருப்பது ஓவியங்கள். ‘வலதுபாரிசம், இடதுபாரிசம்’ என்பது மாற்குவில் வருவது செபெதேயுவின் மகன்கள் கேட்ட விண்ணப்பத்தில் (10:37, 40). இயேசு 10:40இல் சொல்லும் அதே சோடிச் சொற்கள் 15:27இல் கள்ளர்களுக்கு வருகின்றன. ஆகவே அந்தக் கோட்டை மலையிலிருந்து இழுக்காமல் 10:40இலிருந்து இழுக்க வேண்டும். யாக்கோபும் யோவானும் மலையில் இருந்தவர்கள் என்பதால் மலையோடு ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு, அவ்வளவுதான்.

மேகம் திறக்கவில்லை, மூடியது. ‘நிழலிட்டது’ என்கிறது வசனம். திரை கிழிந்ததற்கு உண்மையான இணை இயேசுவின் ஞானஸ்நானம்: 1:10இல் வானம் கிழிகிறது, 15:38இல் திரை கிழிகிறது, கிரேக்கத்தில் ஒரே வினை. இதிலிருந்து தெரிவது, மாற்கு இரண்டு தூண் நடவில்லை, மூன்று நட்டிருக்கிறார்: நதி, மலை, சிலுவை. மூன்றிலும் ‘குமாரன்’ என்ற சொல். மூன்றிலும் எலியாவின் சாயல்: நதியில் எலியாவைப் போல உடுத்திய யோவான், மலையில் எலியா, சிலுவையில் எலியாவின் பெயர்.

இணை தேடுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒரே சொல்லோ, ஒரே ஆளோ, ஒரே பொருளோ இரண்டு பக்கமும் இருந்தால் மட்டும் கோடு போடுங்கள். ‘இதுவும் அதுவும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்ற உணர்வு போதாது.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 9, பகல் 1.00

அந்தக் கட்டுப்பாட்டில் தேறும் ஒன்று மத்தேயுவில் இருக்கிறது, ஐயா. 17:6இல் குரலைக் கேட்டு சீடர்கள் ‘மிகவும் பயந்தார்கள்’. 27:54இல் நிலம் அதிர்ந்ததைக் கண்ட காவலர்கள் ‘மிகவும் பயந்து’. கிரேக்கத்தில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 9, இரவு 9.15

அருமை. பழைய மொழிபெயர்ப்பு காப்பாற்றிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், எக்ஸோடோஸ் பற்றி மட்டும் குறை சொன்னது நியாயமில்லை. ‘மறுரூபமானார்’ என்ற வினை புதிய ஏற்பாட்டில் நான்கு இடங்களில்: மத்தேயு 17:2, மாற்கு 9:2, ரோமர் 12:2, 2 கொரிந்தியர் 3:18. பழைய மொழிபெயர்ப்பில் நான்கிலும் ‘மறுரூபம்’ இருக்கிறது. ‘மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்’ என்று படிக்கிற தமிழ் வாசகருக்கு மலை தானாகவே நினைவுக்கு வரும்.

அந்த ‘ரூபம்’ பிலிப்பியர் 2:6–8இலும் நிற்கிறது: தேவனுடைய ரூபம், அடிமையின் ரூபம், பிறகு சிலுவையின் மரணம். கிரேக்கத்திலும் மறுரூபத்துக்குள் இருக்கிற வேர் இதுதான். மலையில் வெளிப்பட்ட ரூபத்தையும் சிலுவையில் தெரிந்த ரூபத்தையும் ஒரே சொல்லால் பிடிக்கத் தமிழில் வழி இருக்கிறது. ‘தோற்ற மாற்றம்’ என்பது நல்ல தமிழ், கேட்டவுடன் புரியும். இந்த இழை மட்டும் அதில் அறுந்துவிடுகிறது.

லூக்கா அந்த வினையைப் பயன்படுத்தவே இல்லை. ‘முகரூபம் மாறியது’ என்று சுற்றிச் சொல்கிறார்.

பனித்துளி · ஆகஸ்ட் 10, காலை 8.05

மாற்கு 9:3இல் ‘உறைந்த மழையைப் போல்’ என்று பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறதே, புதியதில் ஏன் இல்லை?

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 10, காலை 8.50

உறைந்த மழை என்றால் பனி. பிற்காலக் கைப்பிரதிகள் பலவற்றில் ‘பனியைப் போல்’ இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. படியெடுத்தவர்கள் சேர்த்திருக்கலாம் என்று கருதி இன்றைய பதிப்புகள் விட்டுவிடுகின்றன. வெளுப்பவர் உவமை எல்லாவற்றிலும் உண்டு, அது மாற்குவுக்கே உரியது.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 15, இரவு 7.45

நாள் கணக்கு ஒன்று. ஆகஸ்ட் 6 தோற்ற மாற்ற விழா. செப்டம்பர் 14 திருச்சிலுவையின் மகிமை விழா. இடையே நாற்பது நாள். மறுரூபம் சிலுவைக்கு நாற்பது நாள் முன்பு நடந்தது என்றொரு பழைய மரபு உண்டு. அதை ஒட்டி அமைந்த தேதி இது என்பார்கள்.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 15, இரவு 8.20

எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 6க்கு மறுநாளிலிருந்து எண்ணினால் ஆகஸ்டில் 25, செப்டம்பரில் 14. மொத்தம் 39.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 15, இரவு 8.40

விழா நாளையும் சேர்த்து எண்ண வேண்டும், ஐயா. ஆகஸ்ட் 6 முதல் 31 வரை 26, அதோடு 14, நாற்பது. பழைய காலத்து எண்ணிக்கை முறையில் முதல் நாளும் கணக்கில் உண்டு. ‘மூன்றாம் நாள்’ என்று வெள்ளி, சனி, ஞாயிற்றைச் சொல்வதும் அப்படித்தான்.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 15, இரவு 9.00

சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் நாளும் சேரும் என்பதை ஈஸ்டர் கணக்கே காட்டுகிறது.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 16, காலை 6.50

நாள் கணக்கைவிடப் பலமான சான்று கீழைத் திருச்சபையின் பாட்டில் இருக்கிறது. பைசாந்திய வழிபாட்டில் ஆகஸ்ட் 6 அன்றே காலைச் செபத்தில் திருச்சிலுவை விழாவுக்கு உரிய பாடல் அடிகளைப் பாடுவார்கள். மோசே கோலால் கடலில் சிலுவை அடையாளம் வரைந்தார் என்று தொடங்குபவை அவை. மறுரூப விழாவின் முதன்மைப் பாடல்களில் ஒன்று காரணத்தையே சொல்லிவிடுகிறது: உம்மைச் சிலுவையில் காணும்போது, நீர் விரும்பியே பாடுபட்டீர் என்று சீடர்கள் உணரும்படிக்கு மலையில் மகிமையைக் காட்டினீர் என்பது அதன் கருத்து. மேற்கே, ஐந்தாம் நூற்றாண்டில் பெரிய லியோ திருத்தந்தையின் மறையுரையும் இதையே சொல்கிறது: சிலுவையின் இடறலைச் சீடர்களின் உள்ளத்திலிருந்து அகற்றவே மலைக் காட்சி.

மேற்கில் ஆகஸ்ட் 6ஐ எல்லாருக்கும் பொதுவாக்கியது 1457இல் மூன்றாம் கலிஸ்து திருத்தந்தை, முந்தைய ஆண்டு பெல்கிரேடு முற்றுகை முறிந்ததன் நினைவாக. அந்தக் காரணத்துக்கும் சிலுவைக்கும் சம்பந்தமில்லை. தேதி அதற்கு வெகு முன்பே கிழக்கில் இருந்தது.

பனித்துளி · ஆகஸ்ட் 21, இரவு 9.30

தாளில் எழுதிப் பார்த்ததில் ஒன்று உறுத்துகிறது. மாற்கு 15இல் ஆணியே இல்லையே?

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 21, இரவு 10.40

நன்றாகக் கவனித்தீர்கள். மாற்குவில் ஆணி இல்லை. ‘சிலுவையில் அறைந்தார்கள்’ என்னும்போது தமிழ் வினை ஆணியைச் சேர்த்துக்கொள்கிறது. கிரேக்க வினைக்குச் சிலுவையில் ஏற்றுதல் என்று மட்டுமே பொருள்; கட்டியிருந்தாலும் அதே வினைதான். நற்செய்திகளில் ஆணி வெளிப்படையாக வருவது யோவான் 20:25, தோமாவின் பேச்சில். லூக்கா 24:39இல் ‘என் கைகளையும் என் கால்களையும் பாருங்கள்’ என்பது அதைக் குறிப்பால் சொல்கிறது.

ஆணி அடித்ததற்கு மண்ணுக்குள்ளிருந்தும் சான்று உண்டு. 1968இல் எருசலேமின் வடக்கே கிவாத் ஹமிவ்தாரில் ஓர் எலும்புப் பெட்டிக்குள், ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு கிடைத்தது. முதல் ஆய்வு, ஓர் ஆணி இரண்டு குதிகாலையும் சேர்த்துத் துளைத்தது என்றது. இன்றும் பல படங்கள் அதை நம்பி வரையப்பட்டவை. 1985இல் மறுஆய்வு செய்தபோது ஆணியின் நீளம் 11.5 செ.மீ. மட்டுமே என்று தெரிந்தது. இரண்டு குதிகாலுக்கு அது எட்டாது. ஒரு காலில், பக்கவாட்டில் அடித்திருக்கிறார்கள். ஆணித் தலைக்கும் எலும்புக்கும் நடுவே சிறு மரத்துண்டு, கால் உருவிக்கொள்ளாமல் இருக்க. முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் எலும்போடு அடக்கம் செய்திருக்கிறார்கள். நமக்குச் சான்று மிஞ்சியதே அந்த வளைவால்தான். கை எலும்புகளில் ஆணி பாய்ந்ததற்கு உறுதியான அடையாளம் அங்கே கிடைக்கவில்லை.

‘சிலுவை’ என்ற சொல்லே நமக்குச் சுரியானி மொழியிலிருந்து வந்தது. ‘குருசு’ போர்த்துகீசியர் கொண்டுவந்தது.

பனித்துளி · ஆகஸ்ட் 22, காலை 7.30

மலை தாபோர்தானே?

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 22, காலை 7.55

வசனம் ‘உயர்ந்த மலை’ என்பதோடு நிறுத்துகிறது. தாபோர் என்ற மரபு மூன்று, நான்காம் நூற்றாண்டுகளில் தெரிகிறது. எருசலேமின் ஆயர் சிரில் சொல்கிறார். அதன் உயரம் 600 மீட்டருக்கும் குறைவு. எர்மோன் 2,814 மீட்டர், மலைக் காட்சிக்கு முன் இயேசு இருந்த பகுதியான பிலிப்புச் செசரியா (8:27) அதன் அடிவாரத்தில். மாற்கு 9:30இல் ‘அவ்விடம் விட்டுப் புறப்பட்டுக் கலிலேயாவைக் கடந்து’ என்று வருவது எர்மோன் பக்கம் சாய்கிறது, ஏனெனில் தாபோர் கலிலேயாவுக்குள்ளேயே இருக்கிறது. பெயரைவிட இடம்பெற்ற வரிசைதான் நமக்கு முக்கியம்: 8:31இல் முதல் பாடுகளின் முன்னறிவிப்பு, அடுத்து மலை, 9:31இல் இரண்டாம் முன்னறிவிப்பு. இரண்டுக்கும் நடுவே மலையை நட்டிருக்கிறார்.

திருவழிபாட்டு மாணவி · ஆகஸ்ட் 30, இரவு 8.10

இந்த இழையில் நாம் பேசியதை எல்லாம் ஒரு சுவர் சொல்லிவிட்டது. இத்தாலியில் ராவென்னாவுக்கு அருகே கிளாசேயில் புனித அப்பொல்லினாரிஸ் பேராலயம், 549இல் அர்ச்சிக்கப்பட்டது. பீடத்துக்குப் பின்னால் வளைந்த சுவரில் மொசைக். பார்த்தவுடன் சிலுவை என்றுதான் சொல்வோம்: நீல வட்டம், அதில் 99 பொன் விண்மீன், நடுவே மணிகள் பதித்த பெரிய பொற்சிலுவை.

கொஞ்சம் மேலே பாருங்கள். மேகத்திலிருந்து ஒரு கை இறங்குகிறது. இரண்டு பக்கமும் மேகத்துக்குள் இடுப்பளவில் இரண்டு பேர். பெயர் எழுதியிருக்கிறது, மோசே, எலியா. கீழே மூன்று ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன: பேதுரு, யாக்கோபு, யோவான். இது மறுரூபக் காட்சி. இயேசு நிற்க வேண்டிய இடத்தில் சிலுவை நிற்கிறது. சிலுவையின் இரு கட்டைகளும் சந்திக்கும் இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் சிறு வட்டத்துக்குள் அவர் முகம். சிலுவையின் அடியில் ‘உலகின் மீட்பு’ என்று இலத்தீனில் எழுத்து.

அதே நூற்றாண்டில் சீனாய் மலையடியிலுள்ள மடத்தின் மொசைக்கில் கிறிஸ்து முழு உருவமாக, ஒளி வட்டத்துக்குள் நிற்கிறார். ஒரே காட்சிதான், ஒன்றில் ஆள், மற்றதில் சிலுவை.

ஏட்டுச்சுவடி · ஆகஸ்ட் 30, இரவு 9.50

அந்த மொசைக்கை யோவான் நற்செய்தியின் படம் என்றே சொல்லலாம். யோவானில் மலைக் காட்சி இல்லை என்று மாணவி சொன்னதோடு விட்டுவிட்டோம். ஏன் இல்லை என்பதற்கு என் கணிப்பு: யோவானுக்கு மகிமையும் சிலுவையும் இரண்டு இடங்களில் இல்லை. ‘உயர்த்தப்படுதல்’ என்ற சொல் 3:14, 8:28, 12:32 மூன்றிலும் சிலுவைக்கு வருகிறது. 12:23இல் ‘மகிமைப்படும்படியான வேளை வந்தது’ என்பது சாவின் வேளை. அடுத்த வசனமே நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணி. 12:28இல் வானத்திலிருந்து குரலும் உண்டு. மலையில் நடந்ததை அவர் தனியாக ஒரு மலையில் வைக்காமல் சிலுவையிலேயே வைத்துவிட்டார்.

பனித்துளி · செப்டம்பர் 13, இரவு 10.00

தாளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிரம்பிவிட்டன. இயேசு பிடிபடுமுன் செபித்த கெத்செமனே தோட்டத்தை எங்கே எழுதுவது? அதே மூன்று பேர் அங்கேயும் வருகிறார்களே.

ஏட்டுச்சுவடி · செப்டம்பர் 14, காலை 6.10

மடிப்பின் மேல் எழுதுங்கள். மாற்கு 14:32–42. அதே மூன்று பேரைத் தனியே அழைத்துப் போகிறார். மலையில் பேதுருவைப் பற்றி ‘என்ன சொல்லுகிறதென்று அறியாதிருந்தான்’ (9:6). தோட்டத்தில் மூன்று பேரைப் பற்றியும் கிரேக்கத்தில் அதே சொற்கள், பன்மையில் (14:40). மலையில் தகப்பன் மகனைக் குறித்து ‘என் நேச குமாரன்’ என்றார். தோட்டத்தில் மகன் ‘அப்பா, பிதாவே’ என்று கூப்பிடுகிறார். மாற்குவில் அந்த இரவு மேகமும் வரவில்லை, குரலும் வரவில்லை. தூதர் வந்து பலப்படுத்தியது லூக்காவில் மட்டும் உண்டு (22:43), மிகப் பழைய சில பிரதிகளில் அதுவும் இல்லை. ஆகவே அதை மாற்கு தாளில் எழுத வேண்டாம். பதிலுக்கென்று ஓர் இடம் விட்டு, அதை வெறுமையாகவே வையுங்கள்.